வெருகல் நடைக்கு என்ன உடுப்பு

சிவகுரு மூன்றாவது முறையாகவும் அதையே கேட்டார்.

"அப்ப சம்பந்தி, என்ன உடுப்போட நடக்கிறது?"

சோமசேகரம் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். முதல் முறை கேட்டபோது, மழை வருமோ தெரியாது என்று கதையை மாற்றிப் பார்த்திருந்தார். ஆவணி மாதத்தில் திருகோணமலையில் மழையைப் பற்றிக் கதைக்கிறவனை ஒருவரும் நம்பமாட்டார்கள். இரண்டாவது முறை இருமினார். இப்போது இருமலும் கைவசம் இல்லை.

சோமசேகரம் துறைமுக வாசலில் பாஸ் எழுதுகிறவர். லொறிகள் உள்ளே போகவும் வெளியே வரவும் இருபத்தெட்டு வருடமாகக் கதிரையில் இருந்தபடியே கையெழுத்து வைத்து வருகிறார். தலைக்கு மேலே ஒரு காற்றாடி. அவருடைய உடம்பும் அந்தக் கதிரையின் அளவுக்கே வளர்ந்து நின்றுவிட்டது. ஆனால் அவர் குடியிருக்கிற அன்புவழிபுரத்தில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. வருடா வருடம் வெருகல் முருகன் திருவிழாவுக்குக் காலால் நடந்தே போகிற மனுசன். மூன்று நாள் நடை, மண்டையைப் பிளக்கிற வெயில். ஒரு வருடம் அல்ல, மூன்று வருடம் போய்விட்டார்.

அந்தப் பெயரை நம்பித்தான் மகள் லக்சாயினியின் கலியாணமே பேசி முடிந்திருந்தது.

சிவகுருவுக்குச் சல்லி என்ற கடற்கரை ஊரில் மூன்று மீன்பிடி வள்ளங்கள். அவருடைய மகன் நிசாந்துக்குப் பெண் பார்க்க வந்த அன்று, சிவகுருவின் மனைவி குணமணி சீதனத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்:

"நேர்த்திக்கடனைக் காலால நடந்து தீர்க்கிற வீட்டில பொய் புரட்டு இராது. எனக்கு அது காணும்."

சிவகுருவும் மூன்று வருடமாக வெருகலுக்கு நடக்கிறவர் என்று சல்லி முழுக்கப் பேர். ஆக, நடைக்காரர் வீட்டுப் பெண் நடைக்காரர் வீட்டுக்கே போகிறாள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் முற்றிப்போய், சோமசேகரத்தின் மனைவி யோகம்மாவும் குணமணியும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். இந்த வருடம் சம்பந்திமார் இருவரும் ஒன்றாக நடக்க வேண்டும். போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்த பிறகுதான் கலியாணத்துக்கு நாள் வைப்பது. அதைக் கேட்டதும் சிவகுருவுக்கு வடை தொண்டையில் இறுகி, யோகம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. மனுசனுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இதிலே சிக்கல் ஒன்றே ஒன்றுதான். சோமசேகரம் வெருகலுக்கு ஒரு தடவைகூட நடந்தது கிடையாது.

நடக்க நினைத்தது உண்மை. மூன்று வருடத்துக்கு முன்பு லக்சாயினிக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை கண் திறக்காமல் கிடந்த அன்று, வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் வைத்த நேர்த்தி அது. பிள்ளை எழும்பினால் காலால் நடந்து வருவேன் முருகா என்று அழுதார். பிள்ளை எழும்பினாள். அவரும் சொன்னபடி வெளிக்கிட்டார். கஞ்சி போட்ட புது வேட்டி கட்டிக்கொண்டு போனார். சீனன்குடா வருவதற்குள் வேட்டிக் கரை இரண்டு தொடையையும் அரம் போல் அராவிவிட்டது. பஸ் தரிப்பில் ஒரு நிமிடம் இருந்துவிட்டுப் போவோம் என்று இருந்தார். மட்டக்களப்பு பஸ் ஒன்று தானாக வந்து நின்றது. கொண்டக்டர் றம்ஸான் தலையை நீட்டி, வெருகலோ என்று கேட்டான். ஓம் என்று வாய் சொல்லிவிட்டது.

தோப்பூரில் இறங்கி, முன்பு துறைமுகத்தில் கூட வேலை செய்த ஆதம்பாவா வீட்டில் இரண்டு நாள் காற்றாடிக்குக் கீழே படுத்திருந்தார். மூன்றாம் நாள் கோயிலடிக்கு ஒரு மைல் முந்தி பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்தோடு கலந்தார். வீட்டுக்கு வந்தபோது யோகம்மா வாசல் படலையிலேயே நிற்கவைத்து, மஞ்சள் தண்ணீரால் அவர் காலைக் கழுவி, அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த நேரம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த வருடம் ஊரே அவரைப் படலை வரை வந்து வழியனுப்பியது. அதற்கடுத்த வருடம் மாலை போட்டது. ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை கட்டாயம் நடப்பேன் என்றுதான் வெளிக்கிடுவார். ஒவ்வொரு முறையும் சீனன்குடா வந்துவிடும்.

இப்போது எதிரே சிவகுரு பதிலுக்குக் காத்திருந்தார்.

"நீங்கள் போன வருசம் என்ன உடுத்தனீங்கள்?" என்று சோமசேகரம் திருப்பிக் கேட்டுப் பார்த்தார்.

"நான் கடலில கிடக்கிறவன். என்னவோ ஒரு சாரத்தைச் சுத்திக்கொண்டு போனனான். நீங்கள்தான் படிச்ச ஆள், முறை தெரிஞ்சவர்."

இந்த மனுசனுக்கு எல்லாம் தெரியும் என்று சோமசேகரம் நினைத்தார். ஆழம் பார்க்கிறார். பிழையாக ஒரு சொல் சொன்னால் போதும், கலியாணம் படலைக்கு வெளியே. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளைப் பருத்தி என்றார். முழுக்கைச் சட்டை, வெள்ளை வேட்டி, தலைக்கு வெள்ளைத் துவாய். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், தோலில் படாது என்று விளக்கமும் கொடுத்தார். சிவகுரு ஒவ்வொன்றாக விரல் மடித்துத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பரீட்சை வைக்கிறவர்களின் நடிப்பு எப்படியெல்லாம் இருக்கிறது என்று சோமசேகரம் வியந்தார்.

அன்று தொடக்கம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை நடை. பஸ்ஸில் ஏற முடியாது. பக்கத்திலே சம்பந்தி இருப்பார். ஆகவே உண்மையாகவே நடந்தாக வேண்டும். சரியான உடுப்பு அகப்பட்டால் தொடை தப்பும், தொடை தப்பினால் மானம் தப்பும், மானம் தப்பினால் பிள்ளையின் கலியாணம் தப்பும். சனிக்கிழமை பதினொரு மணி வெயிலில் ஒத்திகை பார்ப்பதென்று முடிவு செய்தார். யோகம்மாவிடம் சொல்லவில்லை. மூன்று வருடம் நடந்தவனுக்கு ஒத்திகை எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் துவாய். கண்டி வீதியில் இறங்கி வேகமாக நடந்தார். வெயில் முகத்தில் அடிக்க, கவலை உள்ளே அடிக்க, முகம் கறுத்துச் சுருங்கியிருந்தது. எதிரே சைக்கிளில் வந்தவர் அவரைக் கண்டதும் இறங்கி ஓரமாக நின்றார். சோடாக் கடைக்காரர் எழும்பி நின்றார். என்ன மரியாதையான ஊர் என்று சோமசேகரம் நினைத்துக்கொண்டார்.

வெள்ளை உடுத்து, முகம் வாடி, உச்சி வெயிலில் வேகமாகப் போகிற மனுசனை மறித்து எங்கே போகிறாய் என்று கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. பின்னால் போவதுதான் மரியாதை. சைக்கிள்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனார். சோடாக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுப் போனார். இரண்டு பேர் போவதைக் கண்டு நாலு பேர் போனார்கள். களைத்துப்போய் வீட்டுப் பக்கம் திரும்பிய சோமசேகரம் படலையைத் திறந்துகொண்டே பின்னால் பார்த்தபோது, இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

குசினியிலிருந்து எட்டிப் பார்த்த யோகம்மா, வெள்ளையில் புருசனையும் அவருக்குப் பின்னால் அந்தக் கூட்டத்தையும் கண்டாள். திரியாயில் இருக்கிற அவளுடைய தமையனுக்கு இரண்டு கிழமையாகச் சுகமில்லை. வேறொன்றும் கேட்காமல் அவள் நிலத்தில் இருந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். அவள் அழுவதைக் கண்டு கூட்டத்துக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்துபோனது. கால் மணித்தியாலத்தில் வாடகைக் கதிரைகள் வந்து இறங்கின. யாரோ மின்கம்பத்தில் வெள்ளைக் கொடி கட்டினார்கள்.

தமையன் போனில் வந்து, தான் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்ன பிறகுதான் அழுகை நின்றது. வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதென்று முப்பது பேருக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டியதாயிற்று. கடைசியாகச் சல்லியிலிருந்து சிவகுருவும் வந்து சேர்ந்தார். அவரும் தலை முதல் கால் வரை வெள்ளை. செத்த வீட்டுக்கென்று உடுத்தாரா, வேறு எதற்கும் உடுத்தாரா என்று சோமசேகரம் கேட்கவில்லை. அவர் வேர்த்து ஒழுகி, கொஞ்சம் காலை அகட்டி நடந்து வந்ததைக் கண்டும் ஒன்றும் தோன்றவில்லை. கேள்வி கேட்கிற நிலைமையில் அவர் இல்லை.

"வெள்ளை வேண்டாம் போல கிடக்கு," என்று சிவகுரு மெதுவாகச் சொன்னார்.

"ஓம். வேண்டாம்," என்றார் சோமசேகரம்.

அடுத்த யோசனை காவி. கோயிலுக்கு நடக்கிறவன் காவி கட்டினால் ஒருவரும் செத்த வீடு என்று நினைக்கமாட்டார்கள். துணியும் மெல்லிசு, காற்றுப் போகும். ஞாயிற்றுக்கிழமை காவி வேட்டி, காவிச் சால்வையோடு, தெரிந்த முகங்கள் இல்லாத உட்துறைமுக வீதிப் பக்கமாக நடந்து பார்த்தார். தொடைக்கு உண்மையிலேயே சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில் முகத்தில் ஒரு அமைதியும் வந்துவிட்டது. அதுதான் பிழைத்தது.

பஸ் நிலையத்தடியில் ஒரு அம்மா அவர் காலில் தொப்பென்று விழுந்தார். மகனுக்கு வெளிநாட்டு அலுவல் சரிவரவில்லையாம். காலை இழுக்கவும் ஏலாமல், சுற்றிவரச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, சோமசேகரம் பதறிப்போய், எல்லாம் சரிவரும் பிள்ளை என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை அந்த மகனுக்கு விசா வந்துவிட்டது. புதன்கிழமை காலை ஆறு பேர் வாழைப்பழச் சீப்போடு படலையில் நின்றார்கள். துறைமுகத்தில் லொறிக்காரர்கள்கூடப் பாஸை இரண்டு கையாலும் வாங்கத் தொடங்கினார்கள்.

வியாழக்கிழமை குணமணி போன் எடுத்தார். சோமசேகரம் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தார்.

"யோகம்மா, உங்கட அவர் சாமியாராப் போறார் எண்டு சல்லியில கதை அடிபடுது. துறவு வாங்கினவர் மகளைத் தாரை வார்த்துக் குடுக்க ஏலாதாம். கோயில் ஐயரையும் கேட்டனான். அப்ப கன்னிகாதானம் ஆர் செய்யிறது?"

யோகம்மா போனை வைத்துவிட்டுப் புருசனைப் பார்த்த பார்வையில், காவி வேட்டி அன்று பின்னேரமே குசினியில் அடுப்புத் துடைக்கப் போனது. இராச் சாப்பாட்டில் லக்சாயினி பாதிச் சோற்றைத் தட்டில் விட்டுவிட்டு எழும்பியதை அவர் கண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அந்தப் பிள்ளையின் முகம் அப்படியே ஞாபகம் வந்தது. எழும்பிய பிள்ளைக்கு இவர் நடந்து கடன் தீர்க்கவில்லை. இப்போது அவளுடைய கலியாணத்தையும் உடுப்பு மாற்றி உடுப்பு மாற்றியே கலைத்துவிடுவார் போலிருக்கிறது.

பிள்ளையே அடுத்த நாள் ஒரு வழி கொண்டுவந்தாள். உள்ளே காற்றுப் போகுமென்று பெட்டியில் எழுதியிருந்த ஒரு ரீசேட், கணுக்கால்வரை நீளுகிற வழுவழுவென்ற நீலக் களிசான், கழுத்தை மூடுகிற துணி வைத்த தொப்பி. ஓடுகிறவர்கள் இதைத்தான் போடுவார்கள் என்று நிசாந்த் சொன்னானாம். யாரும் பார்க்காத உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் சோமசேகரம் அதைப் போட்டுக்கொண்டு போனார். ஒரு ஓட்டோக்காரர் அவருக்குப் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து, புறாத் தீவு பார்க்கப் போறீங்களா என்று இங்கிலீசில் கேட்டார். தமிழில் பதில் சொன்னால் யார் என்று தெரிந்துவிடும். நோ தாங்க்ஸ் என்றார். ஓட்டோ விடவில்லை. திமிங்கிலமும் காட்டுவாராம். களிசானுக்குள் வேர்வை போக வழியில்லாமல் கணுக்காலில் வந்து தேங்கியது. தொடையில் இரண்டு கொப்புளம்.

ஓட்டோவிடமிருந்து தப்பித் தாழை மரங்களுக்குள் புகுந்தவர், எதிரே இன்னொரு நீலக் களிசானைக் கண்டார். அதே தொப்பி. அதற்குக் கீழே சிவகுரு.

இருவரும் ஒரே நேரத்தில் கடல் பக்கம் திரும்பினார்கள்.

"சும்மா காத்து வாங்க வந்தனான்," என்றார் சிவகுரு.

"நானும்," என்றார் சோமசேகரம். சல்லியில் இல்லாத கடற்காற்று உப்புவெளியில் என்ன இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. தன்னைப் பின்தொடர்ந்து வந்து வேவு பார்க்கிறார் என்ற ஒரே நினைப்புத்தான் இருந்தது.

கடைசியில் புத்தி சொன்னது தையல்காரி அசனா. அடுத்த ஒழுங்கையில் மிசின் வைத்திருக்கிறவ. கொப்புளத்தோடு காலை அகட்டி நடந்து வந்தவரைப் பார்த்ததும் அவவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெயிலுக்குள் நடக்கிறவனுக்குப் புதுத் துணி எமன் என்றார் அசனா. தோய்த்துத் தோய்த்துப் பழசான மெல்லிய பருத்தி, இறுக்கமில்லாமல், கை மூடினாற்போல. வேட்டிக்கு உள்ளே முழங்கால் வரை ஒரு பழம் பெட்சீற்றுத் துணியில் காற்சட்டை. தொடையும் தொடையும் தொடவே கூடாது. அவ்வளவுதான் விசயம்.

அந்தப் பேச்சைக் கேட்டபடி செய்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வீட்டில் யோகம்மா இருந்தாள். பழைய வேட்டியும் பழைய சட்டையும் கொடியில் தொங்குவதைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. சம்பந்தியோடு போகிற மனுசன் துவண்ட துணியோடு போனால் சல்லியில் என்ன கதைப்பார்கள்? வெள்ளையும் இல்லை, காவியும் இல்லை, அப்படியானால் முருகனுக்கு உகந்த மஞ்சள் என்று அவளாகவே முடிவு செய்து, இரண்டையும் அரைத்த மஞ்சளில் தோய்த்தாள். பிறகு கஞ்சி போட்டாள். சாதாரணக் கஞ்சி அல்ல. வேட்டியை நிலத்தில் வைத்தால் தானாக நின்றது.

திங்கட்கிழமை காலை பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, ஊர் கூடி இருவரையும் அனுப்பி வைத்தது. சிவகுருவும் மஞ்சள். கஞ்சியும் அதே பதம். யோகம்மாவும் குணமணியும் போனில் கதைத்து ஒரே மாதிரிச் செய்திருந்தார்கள். லக்சாயினி வந்து தகப்பனுடைய காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அந்தக் காலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. முருகா, இந்த முறை மட்டும் என்னைச் சீனன்குடா தாண்டவிடு என்று வேண்டிக்கொண்டார்.

ஏழு மணிக்கே வெயில் சுடத் தொடங்கியது. எட்டு மணிக்குக் கஞ்சி இளகிப் பசையாகி, வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. எட்டரைக்கு மஞ்சள் கரைந்தது. கழுத்தில் தொடங்கி முழங்கை வழியாக விரல் நுனிவரை இருவரும் மஞ்சளாகிக்கொண்டு வந்தார்கள். எதிரே வந்த லொறிகள் ஹோர்ன் அடித்துவிட்டுப் போயின.

"களைப்பெண்டால் சொல்லுங்கோ சம்பந்தி, கொஞ்சம் நிப்பம்," என்றார் சிவகுரு.

"எனக்கில்லை. உங்களுக்கெண்டால் நிப்பம்."

"எனக்கென்ன களைப்பு? உங்களுக்காகக் கேட்டனான்."

இப்படியே ஒருவர் மற்றவருக்காகக் கேட்டுக் கேட்டு, சீனன்குடா பஸ் தரிப்பு வந்தபோது இருவராலும் அதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்க ஏலவில்லை. தரிப்புக்குள் இருந்த சீமெந்து வாங்கில் இருவரும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். காற்றுப் படட்டும் என்று வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கினார்கள். சோமசேகரத்தின் உட்காற்சட்டையில் பெரிய பெரிய சிவப்பு ரோசாப்பூ. சிவகுருவின் உட்காற்சட்டையிலும் அதே ரோசாப்பூ.

"அசனாவோ?" என்றார் சோமசேகரம்.

"அவதான். ஒரு பெட்சீற்றில ரெண்டு பேருக்கு வெட்டியிருக்கிறா."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்தில் ரோசாப்பூவோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனுசனைப் பார்க்கச் சோமசேகரத்துக்கு முதல் தடவையாகப் பயம் விட்டுப் பாசம் வந்தது. இவ்வளவு நல்ல மனுசனை இதற்கு மேலும் ஏமாற்ற ஏலாது. கலியாணம் நின்றால் நிற்கட்டும். இல்லை, நிற்கக் கூடாது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"சம்பந்தி, நான் உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும்."

"நானும் ஒண்டு சொல்லவேணும். நீங்கள் முதல் சொல்லுங்கோ."

"இல்லை, நீங்கள் சொல்லுங்கோ."

அந்த நேரம் பார்த்து மட்டக்களப்பு பஸ் வந்தது. ஒருவரும் கை காட்டவில்லை. அதுவாகவே வேகத்தைக் குறைத்து, தரிப்பில் நின்றது.

சிவகுரு பஸ்ஸைப் பார்த்தார். பிறகு சோமசேகரத்தின் காலைப் பார்த்தார்.

"உங்கட காலைப் பாக்க எனக்கு மனம் கேக்குதில்லை. ஏறுவம். நேர்த்தி முறிச்ச பாவம் என்னோட போகட்டும்."

சோமசேகரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று வருடம் நடந்த மனுசன், தனக்காக, இன்றைக்குத் தன் நேர்த்தியை முறிக்கிறார். நீங்கள் நடவுங்கோ, நான் ஏறுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் கால்கள் மூன்று வருடப் பழக்கத்தில் ஏற்கெனவே ஃபுட்போர்டில் நின்றன.

சாரதிக்குப் பின்னால் இருந்த முன் சீட்டில் இருக்கத்தான் அவர் போனார். எப்போதும் அதில்தான் இருப்பார். சிவகுரு விடவில்லை. அங்கே வெயில் அடிக்கும் என்று கையைப் பிடித்து நேரே பின் சீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். யன்னலால் காற்று வந்தது. உடம்பு ஆறியது, மனம் ஆறவில்லை. தன்னுடைய நேர்த்தி போனது போதாதென்று இன்னொருவருடைய நேர்த்தியையும் கெடுத்துவிட்டோமே. பஸ் கிண்ணியாப் பக்கம் திரும்பியபோது, இறங்குவதற்கு முன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார்.

முன் கதவடியில் நின்ற றம்ஸான் டிக்கெற் புத்தகத்தோடு திரும்பினான். தான் சொல்வதற்கு முதல் இவன் சொல்லிவிடப் போகிறான். சோமசேகரம் அவசரமாகத் துவாயை எடுத்துத் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டார். துவாயின் ஓரத்தால் பார்த்தபோது, பக்கத்தில் சிவகுருவும் துவாயால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வெயிலே இல்லை.

றம்ஸான் ஒவ்வொரு சீட்டாக வந்து கடைசிச் சீட்டுக்கு முன்னால் நின்றான். மஞ்சள் கைகள் நான்கையும் பார்த்தான். துவாய்கள் இரண்டையும் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அட, மூணு வருசமா ஒராள் சீனன்குடாத் தரிப்பில ஏறி முன் சீட்டில துவாயைப் போட்டுப் படுப்பீங்க, மத்தாள் அடுத்த தரிப்பில ஏறிப் பின் சீட்டில துவாயைப் போட்டுப் படுப்பீங்க, இந்த வருசம்தான் நீங்க ரெண்டு பேரும் கூட்டாளியானீங்களா?"